வெள்ளவத்தையில் பரம்பரை தேடுகிறவர்கள் விடும் பிழைகள்

ஆடி ஆவணி பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரிக்க இடமிராது. யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற வழியில் கனடா, லண்டன் சொந்தங்கள் வந்து இரண்டு நாள் தங்குவார்கள். இப்போது அவர்களின் பிள்ளைகள் வம்சாவளி எழுதவென்று லாப்டொப்போடு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிற எல்லாரும் ஒரே பிழைகளைத்தான் விடுகிறார்கள்.

குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது முதல் பிழை. ரொறன்ரோவில் ஒரு பிள்ளையின் கடைசிப் பெயர் அநேகமாக அவளுடைய அப்பாவின் பெயர், மிஞ்சினால் அப்பப்பாவின் பெயர். அதற்கு மேல் நூல் அறுந்துவிடும். எங்களுக்குப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

அடுத்தது உறவுமுறையைப் பெயர் என்று எழுதுவது. போன வருஷம் என் பெறாமகள் (சகோதர முறையில் மகள்) ஒருத்தி எங்கள் அம்மாவைக் கேட்டு எழுதிய மரத்தில் மூன்று குஞ்சம்மாவும் இரண்டு ஆசைமாமாவும் இருந்தார்கள். "ஆசைமாமாதான் என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போவார்" என்று அம்மா சொல்ல, அவள் அப்படியே தட்டிவிட்டாள். கூப்பிடுகிற பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு. "பள்ளிக்கூடத்திலை என்ன பெயர்?" என்று ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கலாம்.

ஆண்டு கேட்பதும் வீண். அம்மாவுக்கு 1958 கலவரத்துக்கு முன், பின் என்றுதான் கணக்கு. 1983 கலவரத்தைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். பெட்டியோடு எரிந்த படங்களின் கதை வருகிற நேரத்தில் தானாக வரும்.

பிள்ளைகள் கண்டுகொள்ளாத இரண்டு பொருட்கள் அலுமாரியில் கிடக்கின்றன. ஒன்று கல்வெட்டு. கல்லைத் தேடாதீர்கள்; செத்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலரைத்தான் அப்படிச் சொல்கிறோம். தேவாரம், புலம்பலோடு செத்தவரின் வரலாறும், பல மலர்களில் வம்சாவளியும் இருக்கும்.

மற்றது சீதன உறுதி, அதாவது மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணியின் பத்திரம். 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடியது) என்று சொத்துக்கு வகை உண்டு. சீதனம் பெண்ணின் சொத்து. ஆகவே வேறெங்கும் பெயர் பதியாத பூட்டிகள் (பாட்டன் பாட்டியின் தாய்மார்) உறுதி எழுதும் நொத்தாரிசின் எழுத்தில் உயிரோடிருக்கிறார்கள். நாலு எல்லையையும் படியுங்கள். தகப்பனின் வளவைப் பிரித்துக் கொடுத்த காணி என்றால் கிழக்கெல்லைக்காரி அநேகமாகக் கூடப்பிறந்தவள்தான்.

ஆனால் வந்திறங்கிய அன்றே "உறுதியைக் காட்டுங்கோ" என்று கேட்டுவிடாதீர்கள். சின்னம்மாவின் முகம் மாறும். தேத்தண்ணி வரும், உறுதி வராது. காணிக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறாய் என்றே நினைப்பார்கள், நினைப்பதற்குக் காரணமும் உண்டு. இரண்டாம் மூன்றாம் நாள், பெயர்கள் மட்டும் போதும் என்று சொல்லிக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மலையகக் குடும்பம் என்றால் ஒரு கரையில் மட்டும் தேடாதீர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா திருப்பி ஏற்க ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் 5,25,000 பேர். அண்ணன் அட்டனில், தம்பி நீலகிரியில் என்று பிரிந்த வீடுகள் கனக்க. பிறப்புச் சான்றிதழில் பாட்டன் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் ஆளை வெளியே தள்ளக் கேட்ட கேள்வி அது. இன்றைக்குப் பேரப்பிள்ளைக்கு உதவுகிறது.

கந்தோர் வேலையைக் கடைசி நாளுக்கு வைப்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகளும் (காணி, குடும்பப் பதிவேடுகள்) பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. 1930இல் தொடங்கிய வீரகேசரியின் மரண அறிவித்தல் ஒன்று அகப்பட்டாலே பாதி மரம் கிடைத்துவிடும். ஆனால் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் அரச கந்தோர்கள் எல்லாம் பூட்டு. பெறாமகள் பிளேன் ஏற முதல்நாள் போனாள். அன்று போயா. கேற்றைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.