லட்சம் கிலோமீட்டர் ஓடிய மாருதி 800: பிளக் மாற்றும்போது மரையைக் காப்பாற்றுவது எப்படி?

காலையில் நாலு தடவை செல்ஃப் அடித்தால்தான் வண்டி பிடிக்கிறது, ஐடிலிங்கில் கியர் லிவர் உதறுகிறது, மேம்பாலம் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது. பழைய கார்புரேட்டர் 800-இல் இப்படி இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். மூன்றே சிலிண்டர் உள்ள என்ஜின் என்பதால், ஒரு பிளக் படுத்தாலே இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சாதாரண நிக்கல் பிளக்கின் ஆயுள் சுமார் 20,000 முதல் 30,000 கி.மீ. புதிதாக இருக்கும்போது நடு எலக்ட்ரோடின் விளிம்பு கூராக இருக்கும். கூரான விளிம்பிலிருந்து பொறி சுலபமாகத் தாவும். ஓட ஓட அந்த விளிம்பு மழுங்கும், இடைவெளியும் அகலும். அதைத் தாண்ட இக்னிஷன் காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருக்கும். அந்தச் சுமை பிளக் வயரிலும், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பிலும் விழும். அங்கே எங்காவது விரிசல் இருந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிந்து இறங்கிவிடும். எல்பிஜி கிட் போட்ட வண்டியில் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும், மாற்றும் கெடுவும் சீக்கிரமே வரும்.

இந்த வேலையில் பிளக் கெட்டால் பெரிய நஷ்டமில்லை, கடையில் இன்னொன்று கிடைக்கும். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதில் பிளக் திருகி ஏறும் மரை போனால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டிவரலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையும் அந்த மரைக்காகத்தான்.

புது பிளக் வாங்கும்போது பழையதன் எண்ணையும் உரிமையாளர் கையேட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முன்பு யாராவது தவறானதைப் போட்டிருக்கலாம். பிபிஆர்6இஎஸ் (BPR6ES) போன்ற என்ஜிகே நிறுவனக் குறியீட்டில் நடுவில் வரும் 6 வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதைச் சொல்லும் எண். என்ஜிகேயில் அந்த எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, சூட்டை வேகமாகக் கடத்தும். பாஷ் (Bosch) நிறுவனப் பிளக்கில் நேர் எதிர், எண் கூடினால் சூடானது. கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தரும்போது குழப்பம் வருவது இங்கேதான். மரையின் நீளமும் அதே அளவு இருக்க வேண்டும். குட்டையானதைப் போட்டால் ஹெட்டின் அடி மரையில் கரி படியும், நீளமானதைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம். போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. வாஷர் தானாகக் கழன்று கையில் விழுந்தாலோ, மரை சொரசொரப்பாக இருந்தாலோ, எழுத்து மங்கலாக இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டுப் பார்க்கலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பழைய 800-க்கு 21 மி.மீ. பிளக் சாக்கெட் பொருந்தும், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள பிற்கால எம்பிஎஃப்ஐ என்ஜின்கள் பலவற்றுக்கு 16 மி.மீ. உள்ளே ரப்பர் வைத்த சாக்கெட்டாக இருந்தால் பிளக் நழுவி விழாது. ராட்செட், எக்ஸ்டென்ஷன், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், பைக் பெட்ரோல் டியூப் ஒரு சாண், பஞ்சர் கடையில் இருப்பதுபோன்ற காற்று பம்ப் இருந்தால் போதும். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் நல்லது.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினிய மரை இளகலாக இருக்கும், பிளக்கோடு பிய்ந்து வரலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பிளக் வயர்களை ஒவ்வொன்றாக மட்டும் எடுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இடம் மாறிப்போகும். இந்த என்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. இரண்டு வயர் மாறினாலும் சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும், ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் தொப்பியைப் பிடித்து, முதலில் லேசாக இடம் வலமாகத் திருகிப் பிறகு இழுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த தொப்பியை நேராக இழுத்தால் உள்ளே கார்பன் இழை அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

தொப்பி வந்ததும் பிளக்கைச் சுற்றியுள்ள குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய வண்டியில் அங்கே மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கிடக்கும். பிளக்கை எடுத்த அடுத்த நொடி அந்த மணல் சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் கீறிவிடும்.

சாக்கெட்டை நேராக உட்கார வைத்துத் திருப்புங்கள். முதலில் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் பயமில்லை. அதற்குப் பிறகும் கிறீச்சென்று சத்தம் வந்து, திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். மரையில் கரி சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அரைச் சுற்று உள்ளே திருப்பி, துரு இளக்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே என்று மாறி மாறித் திருப்புங்கள். அப்படியும் அசையாவிட்டால், கடைசி வழியாக, பிளக்கைத் திரும்ப இறுக்கி, வயரையும் பேட்டரியையும் மாட்டி என்ஜினை ஓரிரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் முயலலாம். ராட்செட்டின் மேல் நீளமான குழாயைச் செருகி பலத்தைக் காட்டாதீர்கள். பிளக் பாதியில் முறிந்து, அடிமரை ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

எடுத்த பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான கறுப்பு எண்ணெயாக இருந்தால் வால்வு ஆயில் சீல் அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. அதைப் புது பிளக் குணப்படுத்தாது, கொஞ்ச நாள் மறைக்கும். சுண்ணாம்பு வெள்ளையாக, எலக்ட்ரோடு உருகிய மாதிரி இருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானின் வெளிப்பக்கம், சாக்கெட் பிடிக்கும் அறுகோணத்துக்குச் சற்று மேலே மங்கலான பழுப்பு வளையம் தெரிந்தால் பதற வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்து அங்கே படிய வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புது பிளக்கானாலும் இடைவெளியை அளக்காமல் போடாதீர்கள். கார்புரேட்டர் 800-க்கு 0.7 முதல் 0.8 மி.மீ., எல்பிஜியில் ஓடினால் 0.7 பக்கமே வையுங்கள். எம்பிஎஃப்ஐ என்றால் அதற்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். ஃபீலர் தகடு லேசாக உரசி நுழைய வேண்டும். வளைக்க வேண்டியது பக்க எலக்ட்ரோடை மட்டும். நடு முனையில் நெம்பினால் பீங்கான் விரியும். கீழே விழுந்த பிளக்கையும் இதே காரணத்துக்காகப் போடவேண்டாம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மிஸ்ஸிங்காகத்தான் தெரியும்.

இனி உள்ளே ஏற்றுவது, கவனம் மிக அதிகம் வேண்டிய இடம். மரையில் கிரீஸ் எதுவும் பூசாதீர்கள். முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை. வழுக்கல் கூடினால் அளவுக்கு மேல் இறுக்கிவிடுவீர்கள். பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் மாட்டி, துளையில் நேராக இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் பொருந்தும் இடத்தில் பிளக் நூலளவு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றுங்கள். 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு இறங்கும் தூரம்), 19 மி.மீ. நீளம் என்பதால் பத்துச் சுற்றுக்கு மேல் டியூபாலேயே ஏற வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் இறுகினால் குறுக்கே ஏறியிருக்கிறது. டியூப் அங்கே வழுக்கிச் சுற்றும், மரை பிழைக்கும். ஸ்பேனரை வைத்து ஆரம்பித்திருந்தால் அந்த எச்சரிக்கை கிடைத்திருக்காது.

வாஷர் ஹெட்டைத் தொட்டபின் சாக்கெட்டால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். தளர்வாக விட்டால் பிளக்கின் சூடு ஹெட்டுக்குக் கடத்தப்படாமல் முனை எரிந்துபோகும், கம்ப்ரஷனும் கசியும்.

தொப்பியை ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். மூன்றும் முடிந்து, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தபின்னும் மிஸ்ஸிங் இருந்தால், இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடும் என்ஜினைப் பாருங்கள். வயரிலோ கேப்பிலோ நீலப் பொறி தாவினால் குற்றம் அங்கே. அப்போது கை வைக்காதீர்கள், ஷாக் பலமாக இருக்கும்.

500 கி.மீ. ஓடியதும் ஒரு பிளக்கை எடுத்து நிறம் பாருங்கள். திரும்பப் போடும்போது அரைச் சுற்று வேண்டாம். வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. விரலால் இறுகியபின் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் அளவு திருப்பினால் போதும்.