போனுக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்க முதலில் பத்துச் செயலிகளை எழுதுங்கள்

"சொந்த இயங்குதளமா, ஆண்ட்ராய்டா?" போன் தயாரிக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் ஒரு தாளை நீட்டி, உங்கள் போனை வாங்குகிறவர் தினமும் திறக்கும் பத்துச் செயலிகளை எழுதச் சொல்வேன். வாட்ஸ்ஆப், யூடியூப், கூகுள் பே, வங்கிச் செயலி... இவை முதல் நாளே எதில் ஓடுமோ, அங்கிருந்துதான் பேச்சையே தொடங்க வேண்டும்.

சாம்சங்கிடம் பணத்துக்குக் குறைவில்லை. 2015 ஜனவரியில் தன் இயங்குதளமான டைசன் போட்ட இசட்1 போனை 5,700 ரூபாய்க்கு இந்தியாவில் இறக்கியது. போதிய செயலிகள் சேரவில்லை. சில ஆண்டுகளில் டைசன் போன்கள் நின்றுபோயின. அதே டைசன் சாம்சங் டிவிகளில் இன்றும் நன்றாக ஓடுகிறது. டிவிக்கு வேண்டிய செயலிகள் கொஞ்சம்தானே! சீன நிறுவனமான ஹுவாவேயின் ஹார்மனி இயங்குதளம் சீனாவில் நிலைத்ததற்கும் காரணம் உண்டு: அங்கே மக்கள் கூகுள் சேவைகளை நம்பி இருக்கவே இல்லை.

ஆக, பெரும்பாலோருக்கு ஆண்ட்ராய்டுதான். ஆனால் ஆண்ட்ராய்டின் மூலநிரல்தான் இலவசம். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளோடு தனி ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய சோதனைகளிலும் தேற வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில், சோதனைகளில் தேறியதற்கான கூகுளின் சான்று வரும் முன்பே பெட்டிகளை அச்சடித்துவிட்டோம். ஒரே ஒரு சோதனை தேறாமல் இழுத்தடித்தது. தீபாவளி விற்பனை கைவிட்டுப் போனது. சான்று வராமல் விற்பனைத் தேதியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அப்புறம் சிப். இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் சின்ன நிறுவனம். 2015இல் வந்த ஃபேர்ஃபோன் 2இன் சிப்புக்கு, அதைச் செய்த குவால்காம் தந்த அப்டேட் ஆதரவு ஆண்ட்ராய்டு 6 வரைதான். அதற்குமேல் 7, 9, 10 என்று ஃபேர்ஃபோன் நிறுவனத்தார் தாங்களே உழைத்துக் கொண்டுவந்தார்கள். 2023 மார்ச் வரை அப்டேட் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. அந்தப் பாடுபட்டவர்கள், 2023இல் ஃபேர்ஃபோன் 5க்கு வழக்கமான போன் சிப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று நீண்டகால ஆதரவோடு வரும் க்யூசிஎம்6490 என்ற சிப்பை எடுத்தார்கள். அதனால்தான் 2031 வரை ஆதரவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

நீங்களும் சிப் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு ஆதரவு என்பதை எண்ணால் எழுதி வாங்குங்கள். அப்டேட்டுக்கென்று தனி ஆட்கள் இல்லாதவரை, அதைவிட ஓர் ஆண்டுகூடக் கூட்டிப் பெட்டியில் போடாதீர்கள்.