ஈஸ்ட்ராடியால் டெஸ்ட் எடுக்கும் முன் லேபில் கேட்க வேண்டியது

மார்பகப் புற்றுநோய்க்கு, உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் எக்ஸெமெஸ்டேன் மாத்திரை சாப்பிடும் என் சித்திக்கு ஒரு நாள் ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) 42 என்று ரிப்போர்ட் வந்தது. மாதவிடாய் நின்று எட்டு வருஷம் ஆனவர், ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவர். மருந்து பலிக்கவில்லை என்றே நினைத்துவிட்டோம், அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் பார்த்தால் அளந்த முறைதான் தப்பு.

அதனால் லேபில் முதலில் கேளுங்கள்: எந்த முறையில் பார்க்கிறீர்கள்? பெரும்பாலான லேபுகளில் இம்யூனோஅஸேதான், அதாவது ஹார்மோனை ஓர் ஆன்டிபாடி பிடித்துக்கொள்வதை வைத்து அளவு சொல்வது. குழந்தைப்பேறு சிகிச்சையில் நூற்றுக்கணக்கில் ஏறும் அளவைப் பார்க்க அது போதும். ஆனால் மாதவிடாய் நின்றவர்களுக்கு மில்லிக்கு 10 பிகோகிராமுக்குள்தான் பொதுவாக இருக்கும், லெட்ரோசோல் போன்ற, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் பலருக்கு 1-க்கும் கீழே போய்விடும். காய்கறித் தராசில் மூக்குத்தியை நிறுத்தால் என்ன தெரியும்? போதாக்குறைக்கு, எக்ஸெமெஸ்டேனும், மார்பகப் புற்றுநோய்க்கே போடும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியும் ஹார்மோனைப் போன்ற உருவம் கொண்டவை என்பதால் ஆன்டிபாடி ஏமாந்து, இல்லாத ஈஸ்ட்ரோஜனை இருப்பதாகக் காட்டிவிடும். சித்திக்கு நடந்தது இதுதான்.

எனவே எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்கிற, மூலக்கூறை அதன் எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அதிலும் எத்தனை பிகோகிராம் வரை கீழே அளக்க முடியும் என்று கேட்டுவிடுங்கள். முடி, நகத்துக்காகப் பயோட்டின் என்கிற வைட்டமின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், சில இம்யூனோஅஸேக்களில் அதுவும் அளவை ஏற்றிக் காட்டும். அப்புறம் அலகு: பிகோமோல் என்று இருந்தால் 3.67-ஆல் வகுத்தால்தான் பிகோகிராம், இதைக் கவனிக்காமல் பயந்தவர்கள் உண்டு.

மார்பகப் புற்றுநோய்க்கான இன்னொரு மாத்திரையான டமாக்ஸிஃபென் மட்டும் சாப்பிடுபவர்கள் இந்த எண்ணை வைத்து மருந்து பலிக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அது ஹார்மோனைக் குறைப்பதில்லை, ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பியை அடைக்கிறது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு ரத்தத்தில் அளவு ஏறக்கூடச் செய்யலாம்.

உண்மையில் இந்த டெஸ்ட் அதிகம் தேவைப்படுவது, சினைப்பையை ஊசியால் அடக்கி வைத்து, கூடவே எக்ஸெமெஸ்டேன் மாதிரி மாத்திரை சாப்பிடும் இளம் பெண்களுக்கு. மாதவிடாய் நிற்காத மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் நடந்த சாஃப்ட் (SOFT) ஆய்வின் ஒரு பகுதியில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 34 சதவீதம் பேருக்கு, முதல் வருஷத்தில் ஒரு தடவையாவது 2.72 பிகோகிராமைத் தாண்டியிருந்தது; இந்த மாத்திரை சாப்பிடும், மாதவிடாய் நின்றவர்களுக்கு ஆய்வில் வைத்த வரம்பு அது. இவர்கள் அடுத்த ஊசி போடும் நாளில், ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் கொடுப்பது நல்லது, மருந்தின் பிடி தளர்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஒரே முறை.

எண் கூடுதலாக வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போட்டும் மாதவிடாய் மறுபடி வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.