நாலு சேனல்ல வந்தா அது நாலு சோர்ஸ் இல்ல: நியூஸ் டெஸ்க்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 டிசம்பர் 5 சாயங்காலத்த தமிழ்நாட்டுல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அப்பல்லோவுல ஜெயலலிதா கவலைக்கிடம், ராத்திரி 11.30க்கு இறந்தாங்கன்னுதான் அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க, ஆனா அதுக்கு பல மணி நேரம் முன்னாடியே சில தமிழ் சேனல்கள்ல "காலமானார்"னு ஓட ஆரம்பிச்சுருச்சு, ராயப்பேட்டை கட்சி ஆபீஸ்ல கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குச்சு, ஆஸ்பத்திரி மறுத்ததும் அந்தக் கொடி மறுபடி மேல ஏறுச்சு. சேனலப் பாத்து கொடி இறங்குச்சா, இல்ல கொடியப் பாத்து அடுத்த சேனல் போட்டுச்சா? டெஸ்க்ல உக்காந்து டிவி பாக்குறவருக்கு இது தெரியவே தெரியாது. அங்கதான் பிரச்சனையே.

ஆன்லைன் டெஸ்க்ல நடக்குற தப்புகள்ல முக்காவாசி இந்த ஒண்ணுதான். "எல்லாரும் போட்டுட்டாங்க, நாமளும் போட்டுருவோம்". நாலு பேரு போட்டாங்கன்னா நாலு பேரும் ஒரே ஒரு ட்வீட்ட பாத்து போட்டிருப்பாங்க, அப்ப உங்ககிட்ட இருக்குறது ஒரே சோர்ஸ்தான், அதுவும் யாருன்னே தெரியாத சோர்ஸ். ஒவ்வொரு செய்தியிலயும் பின்னாடி பின்னாடி போயி, இத நேர்ல பாத்தது யாரு, கையெழுத்துப் போட்ட பேப்பர் எது, சொன்ன ஆளு இது தெரியுற இடத்துல இருக்காரா, இத்தனையும் கேக்கணும். 2020 ஆகஸ்ட்ல எஸ்.பி.பிக்கு கொரோனா நெகட்டிவ்னு ஒரு செய்தி காட்டுத்தீ மாதிரி பரவுச்சு, கடைசில அவர் மகன் சரணே வீடியோ போட்டு அது வதந்தின்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் அந்த சமயத்துல அப்பா உடல்நிலை பத்தி அவரே அடிக்கடி அப்டேட் குடுத்துட்டு இருந்தாரு, ஆஸ்பத்திரியும் புல்லட்டின் விட்டுட்டு இருந்துச்சு. அந்த ரெண்டு இடத்தப் பாத்திருந்தாலே போதும்.

அடுத்தது வீடியோ. வீடியோ எடிட் பண்ணது இல்ல, ஒரிஜினல்தான், அதனால செய்தியும் உண்மைன்னு நெனைக்கிறது. 2023 மார்ச்ல பீகார் தொழிலாளிகள தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு சுத்துன வீடியோக்கள் ஞாபகம் இருக்கும். அடிதடி நிஜம்தான், கூட இருந்த கேப்ஷன்தான் பொய். அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு விளக்கம் குடுத்தாரு, ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளிகளே ரெண்டு கோஷ்டியா மோதிக்கிட்டது, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த தகராறு. அதுக்குள்ள பாட்னா சட்டசபையில அமளி, அங்க இருந்து அதிகாரிகள் குழுவே கெளம்பி வந்துச்சு. ஒரு தலைவர் ஒரு வீடியோவ வச்சு பேசிட்டார்னா "அவரு சொன்னாரு, நாங்க போட்டோம்"னு கைய கழுவிட முடியாது. அவர் சொன்னது செய்திதான், ஆனா அவர் காட்டுனது பொய்யா இருந்தா அதையும் அதே பத்தியில சொல்லணும், கீழ பத்தாவது பத்தியில இல்ல.

வீடியோவ எப்படி பாக்குறதுன்னா, நாலஞ்சு ஃப்ரேம ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள்லயும் யாண்டெக்ஸ்லயும் தனித்தனியா தேடுங்க, கடை போர்டு என்ன மொழி, வண்டி நம்பர் டிஎன்னா வேறயா, பஸ் என்ன கலரு, சத்தத்த கூட்டி பின்னாடி யாரு என்ன பேசுறாங்கன்னு கேளுங்க, அப்புறம் அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன். தேடல்ல முதல்ல வர்ற ரிசல்ட்ட பாத்து நிறுத்திடாதீங்க, இருக்குறதுலயே பழைய தேதி எதுன்னு பாக்கணும். ஒண்ணுமே வரலைன்னா அது புது வீடியோன்னு அர்த்தம் இல்ல, தேடல்ல சிக்கலைன்னுதான் அர்த்தம். ஏஐ படமான்னு சொல்ற டூல் "92 சதவீதம்"னு காட்டுனா அத அப்படியே தீர்ப்பா எழுதுறதும் இதே ரகம்தான்.

அரசாங்கம் குடுத்த படம்னா செக் பண்ண வேண்டாம்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுக்கு 2015 சென்னை வெள்ளமே பதில். பிரதமர் வானத்துல இருந்து வெள்ளத்த பாக்குற மாதிரி மத்திய அரசோட செய்திப் பிரிவான பிஐபி ஒரு படம் விட்டாங்க, ஜன்னல் வழியா கட்டடம் எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. ரெண்டு படத்த ஒட்டுனதுன்னு மாட்டிக்கிட்டு படத்த எடுத்தாங்க, வருத்தமும் தெரிவிச்சாங்க. பிரஸ் ரிலீஸும் ஒரு தரப்புதான் சார்.

இதுக்கு நேர் எதிரான தப்பு ஒண்ணு இருக்கு, அனுபவம் உள்ளவங்கதான் இதுல அதிகம் விழுவாங்க. அதே 2015ல ஈசிஆர் முதலைப் பண்ணையில இருந்து முதலைங்க தப்பிச்சு ஊருக்குள்ள வந்துருச்சுன்னு வதந்தி, பண்ணையே மறுத்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் நேரத்துல பெருங்களத்தூர் பக்கம் ரோட்ட ஒரு முதலை கடக்குற வீடியோ வந்துச்சு. "அட இதே கதைதான, பழைய புரளி"ன்னு சிலர் ஒதுக்கிட்டாங்க. ஆனா அது நிஜம். சென்னையில சில ஏரி குளங்கள்ல முதலை இருக்கு, அதுங்க கூச்ச சுபாவம் உள்ளதுன்னு அப்ப சுற்றுச்சூழல் துறைச் செயலரா இருந்த சுப்ரியா சாஹு பதிவு போட்டாங்க. போன தடவ பொய்யானது இந்த தடவயும் பொய்யாத்தான் இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, செக் பண்ணாம "பொய்"னு போடுறதும் செக் பண்ணாம போடுறதுதான்.

தலைப்பு பத்தி பேசுனா எடிட்டருங்களுக்கு கோவம் வரும், பரவால்ல. உள்ள "போலீஸ் விசாரிக்கிறாங்க"ன்னு இருக்கும், தலைப்புல கொலைன்னு முடிவே பண்ணிருப்பாங்க. இல்லனா ஒரு கேள்விக்குறி போட்டு தப்பிச்சுக்குவாங்க, "நடிகர் மரணமா?" அந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சுக்கிட்டு செய்தி போடுறதுதான நம்ம வேலை. பொய்ய உடைக்கிற செய்தியிலயே அந்தப் பொய்ப் படத்த சும்மா அப்படியே தம்ப்நெயில்ல வைக்கிறது இன்னும் மோசம், யாரும் உள்ள போயி படிக்கிறதில்ல, படம் மட்டும் ஃபார்வர்ட் ஆகும். படத்துக்கு குறுக்க பெருசா "பொய்"னு முத்திரை குத்தாம வெளிய விடாதீங்க.

சின்னக் குழந்தைங்க மேல நடந்த பாலியல் குற்றம்னா இன்னும் பல மடங்கு கவனம் வேணும். பேரு போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா முகத்த மட்டும் மறைச்சுட்டு ஸ்கூல் யூனிஃபார்ம காட்டுவாங்க, தெரு பேரு போடுவாங்க, அப்பா என்ன கடை வச்சிருக்காருன்னு போடுவாங்க, ஊர்ல இருக்குறவங்களுக்கு அது போதாதா? போக்சோ சட்டம் பிரிவு 23 குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் தடுக்குது. 2018ல ஜம்மு காஷ்மீர்ல பாலியல் கொடுமைக்கு ஆளாகி கொல்லப்பட்ட கத்துவா சிறுமியோட அடையாளத்த வெளியிட்டதுக்கு 12 மீடியா நிறுவனங்கள் தலா 10 லட்சம் கட்டணும்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லிச்சு.

எல்லாத்தையும் பாத்தும் ஒருநாள் தப்பு போயிரும், அப்ப என்ன பண்றாங்கங்கிறதுலதான் ஒரு டெஸ்க்கோட தரம் தெரியும். சத்தமில்லாம டெலீட் பண்றது, இல்ல வரிய மாத்திட்டு அப்டேட் டைம மட்டும் புதுசாக்குறது, ரெண்டுமே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எப்பவோ ஊர் சுத்த போயிருக்கும். அதே லிங்க்லயே மேல, எது தப்பா இருந்துச்சு, எது சரி, எப்ப மாத்துனோம்னு மூணு வரி போடணும். நோட்டிஃபிகேஷன்ல தப்பு போச்சுன்னா திருத்தமும் நோட்டிஃபிகேஷன்லதான் போகணும், சோஷியல் மீடியாவுல போடுற படச் செய்தி கார்டா போச்சுன்னா கார்டா, வாட்ஸ்அப் சேனல்ல போச்சுன்னா அங்கயே. வெப்சைட்ல மட்டும் ஓரமா திருத்திட்டா கார்ட மட்டும் பாத்தவருக்கு அது போய்ச் சேரவே சேராது.