தற்காப்புக் கதையும் தடயமும் முட்டிக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 பிப்ரவரி 14 அதிகாலையில், தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் வீட்டுக் கழிவறையின் பூட்டிய கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி இறந்துபோனார். திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்து சுட்டதாக அவர் சொன்னார். குண்டு துளைத்த அந்தக் கதவையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி விசாரித்தார்கள். குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறினார். மோசமான சாட்சி என்று நீதிபதியே சொன்னார். ஆனால் அதே நீதிபதி 2014 தீர்ப்பில் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: ஒருவர் உண்மை பேசவில்லை என்பதாலேயே அவர் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வழக்குகளைக் கவனிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாக்குமூலத்தில் ஒரு ஓட்டை தெரிந்ததும் ‘பொய்யன், அப்போ கொலைகாரன்தான்’ என்று மனம் தாவிவிடுகிறது. பயத்திலும் அவமானத்திலும் பொய் சொல்கிறவர்கள் உண்டு. உண்மையிலேயே உயிருக்குப் போராடிய ஒருவர்கூட, செய்ததைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லப் பார்ப்பார். பொய் சந்தேகத்தைக் கூட்டும், சரி. ஆனால் ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தை அது நிரப்பாது.

அடுத்த தவறு, எல்லா முரண்பாடுகளையும் ஒரே தராசில் போடுவது. எதிரி நான்கு அடி தூரத்தில் நின்றான் என்கிறார், அளந்தால் ஏழு அடி. இரண்டு முறை குத்தினேன் என்கிறார், உடலில் ஐந்து காயம். உச்சகட்ட பயத்தில் தூரமும் நேரமும் எண்ணிக்கையும் மனதில் சரியாகப் பதிவதில்லை. இப்படிப்பட்ட பிசகுகளை மட்டும் வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: முதலில் தாக்கியது யார்? அடி விழுந்த அந்த நொடியில் ஆபத்து இருந்ததா? அந்த அளவு பலம் தேவைப்பட்டதா? முரண்பாடு இந்த மூன்றில் ஒன்றையாவது தொடுகிறதா என்று பாருங்கள்.

இதில் இரண்டாவது கேள்வியைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு சார்ல்ஸ்டன் நகரில் வால்டர் ஸ்காட் என்பவரை மைக்கேல் ஸ்லேகர் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். மின் அதிர்ச்சி கொடுத்து ஆளை வீழ்த்தும் தன் டேசர் கருவியை ஸ்காட் பிடுங்கிக்கொண்டதாக ஸ்லேகர் ரேடியோவில் சொன்னார். வழிப்போக்கர் ஒருவர் கைபேசியில் எடுத்த வீடியோ சில நாட்களில் வெளியே வந்தது. அதில் ஸ்காட் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஸ்லேகர் எட்டு முறை சுடுகிறார். அதற்கு முன்னால் கைகலப்பு நடந்திருக்கலாம். ஆனால் சண்டை எப்படித் தொடங்கியது என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஓடுகிறவரிடமிருந்து அந்த நொடியில் என்ன ஆபத்து? ஸ்லேகருக்கு 2017-இல் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு ‘முதுகில் காயம் என்றாலே ஓடியவரைச் சுட்டதுதான்’ என்று முடிவு செய்தால் அதுவும் தவறு. மனிதர் உடலைத் திருப்ப அரை நொடிகூட ஆகாது. எதிரே நிற்கும்போது சுட முடிவெடுத்து, விரல் அழுத்தி முடிப்பதற்குள் அவர் திரும்பியிருக்கலாம். ஸ்லேகர் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம், காயத்தோடு வீடியோவும் ஒத்துப்போனது.

தடயத்தைத் தனியாக எடுத்துப் படிக்கும் இந்தப் பழக்கம் கத்தி வழக்குகளில் இன்னும் ஆபத்தானது. குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் வெட்டு இருக்கிறது; ‘பாருங்கள், அவரையும் வெட்டியிருக்கிறார்கள்’ என்று அவர் தரப்பு காட்டும். அந்தக் கையைக் கிட்டப் பார்க்க வேண்டும். முன்கையின் வெளிப்புறத்தில் வெட்டு என்றால், வந்த கத்தியைத் தடுத்திருக்கலாம். கத்தியைப் பிடிக்கும் கையில், விரல்களின் உட்பக்கம் குறுக்காக வெட்டு என்றால் வேறு கதை இருக்கலாம்: குத்தும்போது எலும்பில் கத்தி முட்டி நின்று, இரத்தத்தில் வழுக்கிய கை பிடியிலிருந்து அலகுக்கு நகர்ந்திருக்கும். ஆனால் எதிரியின் கத்தியைப் பறிக்க அலகைப் பிடித்தாலும் உள்ளங்கையில் வெட்டு விழும். எந்தக் கை, எந்தப் பக்கம், எத்தனை வெட்டு என்று பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது.

துப்பாக்கியிலும் இப்படித்தான். மிக அருகில் சுட்டால் காயத்தைச் சுற்றிப் புகைக்கரி படியும். கொஞ்சம் தள்ளிப்போனால் வெடிமருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். இன்னும் தள்ளிப்போனால் இரண்டுமே இருக்காது. தோலில் கரி இல்லை, அதனால் கட்டிப்புரண்டு சண்டை போட்டதாகச் சொன்னது பொய் என்பார்கள். சட்டை எங்கே? கரியைத் துணி வாங்கிக்கொண்டிருக்கலாம். சட்டையைச் சோதிக்காமல், அதே துப்பாக்கியாலும் அதே வகைத் தோட்டாவாலும் சுட்டுப் பார்க்காமல் தூரத்தைச் சொல்லவே முடியாது.

கதை மாறியது என்பதைவிட எப்போது மாறியது என்பது முக்கியம். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் முன்னாள் காதலனைக் கொன்ற வழக்கில் சிக்கிய ஜோடி ஏரியஸ் என்ற பெண், முதலில் தான் அங்கே இல்லவே இல்லை என்றார். துவைக்கும் இயந்திரத்துக்குள் கிடந்த கேமராவிலிருந்து, அழிக்கப்பட்ட படங்கள், எடுத்த நேரக் குறிப்போடு மீட்கப்பட்டன; அவர் அங்கே இருந்தது தெரிந்துபோனது. அப்புறம் முகமூடி போட்ட இருவர் வந்து கொன்றார்கள் என்றார். கடைசியில்தான் தற்காப்பு. 2013-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மறந்தது மெல்ல நினைவுக்கு வந்தால் கதையில் விவரம் கூடும், நடுத்தண்டு அப்படியே நிற்கும். ஒவ்வொரு ஆதாரமும் வெளிவந்த பிறகு அதற்கேற்றபடி நடுத்தண்டே மாறினால் அதை மறதி என்று சொல்ல முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பும் ஒரு தவறைச் செய்கிறது. வக்கீலிடம் பேசுவதற்கு முன்பே, நினைவில் இல்லாத இடங்களை ஊகத்தால் நிரப்பி முழுக் கதையாகச் சொல்லிவிடுவார்கள். ‘எத்தனை முறை அடித்தேன் என்று தெரியவில்லை’ என்பது நேர்மையான பதில். ‘இரண்டு முறை’ என்று சொல்லிவிட்டால், பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும் நாளில் அந்த இரண்டே அவருக்கு எதிராக நிற்கும்.

பிஸ்டோரியஸின் தடுமாற்றங்களை அத்தனை பேரும் அலசினார்கள். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் செய்தது கொலை என்று தீர்ப்பளித்தபோது, உள்ளே இருப்பது யார் என்று அவர் நினைத்தார் என்பதுகூட முடிவை மாற்றவில்லை. தப்பிக்க இடமில்லாத சின்ன அறை, மூடிய கதவு, நான்கு குண்டுகள். உள்ளே யார் இருந்தாலும் சாகலாம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றது நீதிமன்றம்.