சார்ஜ் லைட் எரியாவிட்டால்தான் வம்பு: ஆல்டர்னேட்டர் ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பழைய டீசல் ஜீப்புக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் போய் வந்தால் பேட்டரி ஜம்மென்று இருக்கும். அதே வண்டியை ஊருக்குள்ளேயே கடைத்தெரு, தேயிலைத் தோட்டம், பள்ளிக்கூடம் என்று ஓட்டினால் மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. பேட்டரி போச்சு என்றார் ஒருவர். புதுசு போட்டோம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போச்சு என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினோம். மறுபடியும் மூன்றாம் நாள், மறுபடியும் தள்ளி ஸ்டார்ட். நல்லவேளை, மலையில் சரிவுக்குப் பஞ்சமில்லை.

கடைசியில் குன்னூரில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பானெட்டைக்கூட அவர் திறக்கவில்லை.

"சாவியை மட்டும் போடுங்க தம்பி. சார்ஜ் லைட் எரியுதா?"

"எரியலைங்கண்ணா. எரியாம இருந்தா நல்லதுதானுங்களே?"

"ஓடும்போது எரியாம இருந்தா நல்லது. நிக்கும்போது எரியலைன்னா வம்பு."

டேஷ்போர்டில் அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு பல்புக்காக ஒரு பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் வாங்கிய ஆள் நான். ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் அதன் ஒயர்களைப் பாருங்கள் என்று அன்றிலிருந்து கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இணைப்பு ஒன்றும் பெரிய சிக்கலில்லை. ஆல்டர்னேட்டரின் முதுகில் தடித்த ஒயர் ஒன்று வரும். அந்த முனை பி ப்ளஸ். அங்கிருந்து ஒயர் பேட்டரியின் ப்ளஸ்ஸுக்குப் போகும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட் வழியாகச் சுற்றிப் போகும். கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழிதான் எர்த். அதற்குத் தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது, ஆல்டர்னேட்டரின் உடம்பே எர்த். மூன்றாவதாக விரல் நகத்தளவு முனையில் ஒரு மெல்லிய ஒயர். டி ப்ளஸ் என்றோ எல் என்றோ எழுதியிருக்கும். அது சார்ஜ் லைட் வழியாகச் சாவி சுவிட்சுக்குப் போகிறது. சார்ஜ் ஆகவில்லை என்றால் எல்லோரும் தடித்த ஒயரைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். மெல்லியதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உள்ளே சுற்றும் ரோட்டார் நிரந்தரக் காந்தம் அல்ல. அதில் இருக்கும் கம்பிச்சுருளுக்குக் கார்பன் பிரஷ் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் அது காந்தமாகும். அப்புறம்தான் வெளியில் இருக்கும் மூன்று சுருள்களில் ஏசி கரண்ட் பிறக்கும். டயோடுகள் அதை டிசி ஆக்கும். ரெகுலேட்டர் அதை 14 வோல்ட்டை ஒட்டிப் பிடித்து வைக்கும். சரி, அந்த முதல் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து, சாவி வழியாக, சார்ஜ் லைட் பல்புக்குள் புகுந்து, அந்த மெல்லிய ஒயரில். 2 வாட் பல்பு என்றால் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான் போகும். அடுப்பு மூட்டும் தீக்குச்சி மாதிரி, அது போதும்.

பல்பு ஏன் அணைகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வண்டி நிற்கும்போது பல்பின் ஒரு பக்கம் பேட்டரியின் 12 வோல்ட். மறுபக்கம் ரோட்டார் வழியாக எர்த். அதனால் எரிகிறது. ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கியதும் பேட்டரி பக்கமும் டி ப்ளஸ் முனையும் சேர்ந்தே 14 வோல்ட்டுக்கு ஏறிவிடுகின்றன. இரண்டு தொட்டியிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் நடுவில் இருக்கும் குழாயில் ஓட்டமேது? பல்பு அணைகிறது.

எங்கள் ஜீப் மேட்டுப்பாளையம் போனால் மட்டும் குணமான கதைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. ரோட்டார் இரும்பில் முன்பிருந்த காந்தம் துளியளவு மிச்சமிருக்கும். ஐட்லிங்கில் அது எதற்கும் காணாது. கோத்தகிரி சாலையில் இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், அந்தத் துளிக் காந்தமே போதுமான வோல்ட்டைக் கிளப்பிவிடும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் இன்ஜினை அணைக்கும்வரை சார்ஜ் ஆகும். ஊருக்குள் மெதுவாக ஊர்ந்தால் அது பிடிப்பதே இல்லை. உங்கள் வண்டியும் இறக்கத்தில் மட்டும் சார்ஜ் ஆகிறதென்றால் முதலில் பல்பைப் பாருங்கள்.

இங்கே நடக்கும் இன்னொரு தவறு, அழகுக்காக டேஷ்போர்டு பல்புகளையெல்லாம் எல்இடி ஆக்குவது. எல்இடி மிகக் குறைந்த கரண்டில் எரிந்துவிடும், ரோட்டாரை எழுப்புமளவுக்கு அதில் கரண்ட் போகாது. மற்ற விளக்குகளை மாற்றிக்கொள்ளுங்கள், சார்ஜ் லைட்டில் மட்டும் பழைய பல்பே இருக்கட்டும். டீசல் வண்டிகளில் டபிள்யூ என்றொரு முனையும் இருக்கலாம். அது இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டருக்கானது. பார்க்க ஒன்றுபோல இருப்பதால் சார்ஜ் லைட் ஒயரை அதில் மாட்டிவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

சாவியைப் போட்டும் சார்ஜ் லைட் எரியாவிட்டால் சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, மெல்லிய ஒயரைக் கழற்றி இன்ஜின் உடம்பில் தொடுங்கள். பல்பு எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ளே, பெரும்பாலும் கார்பன் அல்லது ரெகுலேட்டர். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், ஒயர் இவற்றில் ஒன்று. சார்ஜ் லைட் பல்பு உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த வழி. கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் எந்த ஒயரையும் இப்படி உடம்பில் தொட்டுப் பார்க்காதீர்கள்.

அடுத்த வில்லன் எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கோ பேட்டரி மைனஸுக்கோ செம்பில் பின்னிய ஒரு பட்டை போட்டிருப்பார்கள். நீலகிரியின் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் முதலில் பலியாவது அதுதான். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், போல்ட்டுக்கு அடியில் துரு பிடிக்கும், மேலே பெயின்ட் வேறு அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒயர் இருக்கும், வேலைக்கு இருக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சுட்டால் எர்த் பட்டை போய்விட்டது என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் கரண்ட் கேபிள் வழியாகத் திரும்புகிறது.

இதையும் மல்டிமீட்டரில் பார்க்கலாம். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஒரு முள்ளை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்துப் போடுங்கள். பி ப்ளஸுக்கும் பேட்டரி ப்ளஸுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடித்த ஒயரிலோ அதன் முனையில் போல்ட் மாட்டும் லக்கிலோ கோளாறு. உப்புத்தாளில் போகிற வேலைக்கு ஆல்டர்னேட்டர் வாங்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றி, "பாருங்க, வண்டி ஓடுது, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு" என்று காட்டும் வித்தை. பழைய டீசல் ஜீப்பில் இது எதையும் நிரூபிக்காது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் இன்ஜின் கரண்டே இல்லாமலும் ஓடும், ஆல்டர்னேட்டர் செத்துக் கிடந்தாலும் ஓடும். ஆனால் ஆல்டர்னேட்டர் உயிரோடு இருந்தால் ஆபத்து. பேட்டரி வெறும் சேமிப்பு இல்லை, துள்ளும் வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும் மெத்தையும் அதுதான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைத் திடீரென்று உருவினால் ரோட்டாரின் காந்தம் உடனே அடங்காது, வோல்ட் ஒரு நொடிக்குள் நூறை நெருங்கிவிடலாம். டயோடு, ரெகுலேட்டர், ரேடியோ எல்லாம் போகும். இசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் உள்ள வண்டி என்றால் செலவைச் சொல்லவே வேண்டாம். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தாலே விடை கிடைக்கும். அணைத்திருக்கும்போது 12.6 வாக்கில் இருந்தது ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது.

பனிமூட்டத்துக்காக மஞ்சள் விளக்கு போடாத ஜீப் மலையில் அபூர்வம். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 9 ஆம்பியர். ஹெட்லைட்டும் ஏறக்குறைய அவ்வளவு எடுக்கும், அதற்குமேல் வைப்பர், ஹீட்டர் மோட்டார். பனிக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு ஆம்பியரைத் தராது, மீதியைப் பேட்டரிதான் கொடுக்கும். விளக்கைக் கூட்டுவதில் தப்பில்லை. ரிலேயும் (சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஃபியூஸும் இல்லாமல், ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய ஒயரில் பி ப்ளஸிலிருந்து நேராக இழுப்பதுதான் தப்பு. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் தடித்த ஒயரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய உதிரிபாகக் கடையில் வாங்கும்போது லாரியின் 24 வோல்ட் சரக்கைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

பி ப்ளஸில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். ஆல்டர்னேட்டரில் ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் உடம்பில் பட்டதும் தீபாவளிதான். அடுத்த வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போடும்போது ப்ளஸ் மைனஸ் மாறினால் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும். கடைசி மைனஸ் கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். சேஸிஸில் வெல்டிங் வைப்பதானால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆனதும் பெல்ட் கீச்சென்று கத்தினால் அது ஒயரிங் பிரச்சினையே இல்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இப்போது வரும் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்குக் கட்டளையிடுவது இசியூதான், தேவைப்பட்டால் சார்ஜைக் குறைக்கும், இறக்கத்தில் கூட்டும். மீட்டரில் 12.8 பார்த்ததும் ஆல்டர்னேட்டர் போச்சு என்று யாராவது சொன்னால் ஹெட்லைட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஜீப்பில் இப்போது சாவியைப் போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது. வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்கிறார்கள். டேஷ்போர்டு பெட்டியில் இரண்டு பல்பு எப்போதும் கிடக்கிறது. மாற்றிப் போட்ட அந்தப் பழைய ஆல்டர்னேட்டர், ஒரு கோளாறும் இல்லாமல், கொட்டகையில் இருக்கிறது.