வெளிநாட்டுக் கிராமத்துக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறீர்களா? அங்கே மனிதர்களைப் படம் எடுக்க ஒரு செய்முறை விளக்கம்

கல்லூரி முடித்த கையோடு, அல்லது ஐடி வேலையில் ஒரு மாதம் விடுப்பு போட்டுவிட்டு, சென்னையிலிருந்து நேபாளம், இலங்கை, கென்யா, கம்போடியா என்று தன்னார்வப் பணிக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். அதற்குப் பதில் சின்னது, கீழே சொல்கிறேன். எடுக்கப் போகிற படம் யாருக்காக என்பதுதான் பெரிய கேள்வி. என்னைக் கேட்டால், படத்தில் இருப்பவர்தான் அதன் முதல் பார்வையாளர். அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாமே அந்த கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள். 1876-78இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றபோது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அதில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. பறக்கும் ரயிலில் போகும்போது கீழே தெரிகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதி வெட்டப்பட்டது அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான். அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டாம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நம் கடற்கரைக் குப்பங்களில் அழுதுகொண்டிருந்த பெண்களின் முகத்துக்கு நேரே கேமராக்கள் நீண்டதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்னொரு நாட்டுக் கிராமத்தில் நாம் கேமராவோடு இறங்கும்போது இதெல்லாம் நினைவில் இருக்கட்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: சாமான்

கையில் இருக்கும் நல்ல மொபைல் போதும். கேமராதான் வேண்டுமென்றால் ஆரம்பநிலை பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்று, அதோடு வரும் 18-55 லென்ஸ், முடிந்தால் 35 எம்எம் 1.8 லென்ஸ். வாங்கப் பணம் இல்லையென்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும். 70-300 போன்ற நீள ஜூம் வேண்டாம். தூரத்தில் நின்று தெரியாமல் எடுக்கும் பழக்கத்தை அது கற்றுக்கொடுத்துவிடும். ட்ரோனும் வேண்டாம். நேபாளம், கென்யா உட்படப் பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், தவிர யார் வீட்டு முற்றத்தையும் கேட்காமல் மேலிருந்து பார்ப்பது மரியாதையும் இல்லை.

கூடுதல் பேட்டரி ஒன்று, மெமரி கார்டு இரண்டு, பவர் பேங்க் ஒன்று. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுக்கச் சொல்வார்கள். இலங்கை, கென்யா, தான்சானியாவில் சதுர முள் மூன்று உள்ள பிளக், அதற்கு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நேபாளத்தில் நம் ஊர் பிளக்கே பெரும்பாலும் பொருந்தும்.

படி 2: கிளம்புவதற்கு முன் இங்கேயே பழகுங்கள்

முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பது கேமராவை விடக் கஷ்டமான வித்தை. அதை நம் மொழியில், நம் ஊரில் பழகிக்கொள்வது நல்லது. காசிமேட்டுக்கு விடிகாலையில் போங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காமல், வேலை ஓய்ந்து வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடமோ மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடமோ பேச்சுக் கொடுங்கள். வடக்கே பழவேற்காடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். ஒரு ஆள், ஒரு பேச்சு, ஒரு படம். எடுத்ததைக் காட்டி, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வாருங்கள். சிலர் "வேணாம்பா" என்பார்கள். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் நீங்கள் கிளம்பத் தயார்.

படி 3: போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்

முதல் சில நாட்கள் பையிலேயே இருக்கட்டும். வந்த வேலையைப் பாருங்கள், சாப்பாட்டுக்கு உட்காருங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமையாசிரியர், பெண்கள் குழுத் தலைவி, ஊர்ப் பெரியவர் என்று யார் சொன்னால் ஊர் கேட்குமோ அவரிடம், எதற்காகப் படம் எடுக்கப் போகிறீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களை அழைத்துப்போகும் அமைப்புக்குப் படம் எடுப்பது பற்றி எழுத்தில் விதிமுறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், சென்னையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசுங்கள்.

படி 4: கேட்பது

நேபாளத்தில் "போட்டோ கிச்ன ஹுன்ச்ச?" என்று கேட்கலாம். அக்கா வயதுப் பெண்களை "தீதி" என்றும், வயதான அம்மாக்களை "ஆமா" என்றும் கூப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். சிங்களத்தில் "போட்டோ எகக் கன்ன புளுவன்த?", சுவாஹிலியில் "நவேசா குகுபிகா பிச்சா?". இலங்கையின் மலையகத்திலும் வடக்கிலும் நம் தமிழே போதும். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் சம்மதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் அவர்கள் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர், மருந்து கொடுக்கும் முகாமில் நிற்பவர். உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எதையாவது கொடுக்கும் நேரத்தில் படம் எடுக்கக் கேட்காதீர்கள். நோட்டுப் புத்தகம், அரிசி, மருந்து எதுவானாலும் சரி, வாங்குகிற கையைப் படம் எடுக்கவே வேண்டாம். வேறொரு நாள், வேறொரு வேளையில், "எடுக்காவிட்டாலும் ஒன்றும் இல்லை" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வாயால் "சரி" என்று சொல்லி உடம்பால் மறுப்பவர்களும் உண்டு: சேலைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துவிடுவது, பார்வையைத் தரையில் போடுவது, திடீரென்று அடுப்பைப் பார்க்க உள்ளே போவது. அதையெல்லாம் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கச் சம்மதிப்பதும் அதை ஊருக்கே காட்டச் சம்மதிப்பதும் ஒன்றில்லை. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, வேறொருவர் படத்துக்கு அடியில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பதைக் காட்டி, "இப்படி எல்லாரும் பார்ப்பார்கள், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். எடுத்துக்கொள் என்று சொன்னவர்களில் சிலர் இதற்கு வேண்டாம் என்பார்கள்.

பணம் கேட்டால்? கென்யாவிலும் தான்சானியாவிலும் சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் மசாய் கிராமங்களில் படத்துக்குப் பணம் கேட்பது சாதாரணம். அவர்கள் முகம், அவர்கள் நேரம், கேட்பதில் தப்பில்லை. எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், அல்லது எடுக்காதீர்கள். நீங்கள் தங்கி வேலை பார்க்கும் கிராமத்தில் என்ன வழக்கம் என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டு அதன்படி நடங்கள்.

இன்னொன்று. "எடுத்துக்கொள்" என்று சொன்ன அம்மா பல நேரம் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். நேபாள மலைக் கிராமத்தில் நான் பார்த்தது இது: இடுப்பில் கட்டியிருந்த அழுக்குத் துணியை அவிழ்த்து, முகம் கழுவி, போத்தே என்கிற பச்சைப் பாசிமணி மாலையைக் கழுத்தில் போட்டு, நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, முழங்கையில் ஒட்டியிருந்த மாவை மட்டும் மறந்துவிட்டு வந்து நிற்பார். சிரிக்கவும் மாட்டார், நேராக லென்ஸைப் பார்ப்பார். கூட வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள், இயல்பாக இருந்தது போய்விட்டதே என்று வருத்தப்படுவார்கள். வருத்தப்படாதீர்கள். நம் பாட்டிகளும் ஸ்டுடியோவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனார்கள். அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அப்படி ஒரு படம் முதலில் எடுத்துக் கொடுங்கள். வேலை செய்யும்போது எடுப்பதை அப்புறம் கேட்டு எடுக்கலாம்.

படி 5: வெளிச்சம்

ஆரம்பநிலைக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். கருப்பான முகம், பின்னால் வெளுத்த வானம். கேமரா வானத்தைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து முகத்தை நிழலாக்கிவிடும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் வெள்ளை வேட்டி பளிச்சென்றும் மாமா முகம் இருட்டாகவும் இருப்பது இதனால்தான்.

மொபைலில், முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே தள்ளினால் முகம் தெளியும். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 வையுங்கள், அல்லது ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வையுங்கள். தோலின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதுதான் நோக்கம், வெளுக்க வைப்பது அல்ல. பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள்.

ஷட்டர் வேகம், அதாவது லென்ஸ் வழியே வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், ஆட்களுக்கு 1/125 நொடி, ஓடும் பிள்ளைகளுக்கும் உலக்கை குத்தும் கைகளுக்கும் 1/250 அல்லது அதைவிட வேகம். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்ச அளவை 3200 என்று வைத்துவிட்டால் போதும், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மண் வீட்டுக்குள் ஃபிளாஷ் போடாதீர்கள். கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, அவரைக் கதவிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கதவுப் பக்கம், வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாகக் குந்துங்கள், உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கதவு வழியே வரும் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து, மூக்கைத் தாண்டி மெதுவாக மங்கும். சுருக்கங்கள், மூக்குத்தி, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லாம் தானாக வரும். பின்னால் இருக்கும் பாத்திர அடுக்கு லேசாகத் தெரியட்டும், அது அவர் வீடு. ஆனால் அடுப்பங்கரைக்குள் போவதற்கு முன் கேளுங்கள், வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்ற வழக்கம் நேபாளத்தில் சில வீடுகளில் உண்டு.

வெளியே என்றால் காலை 8 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின். உச்சி வெயிலில் மரத்தடியும் திண்ணையும்.

படி 6: எதை எடுப்பது

கிழிந்த சட்டையையும் ஒழுகும் கூரையையும் மட்டும் எடுத்து வந்தால் அந்த ஊர் அவ்வளவுதான் என்று ஆகிவிடும். விதை நெல்லைப் பதம் பார்க்கிற விரல்கள், செல்போன் ரிப்பேர் கடை, கைப்பந்து ஆட்டம், சைக்கிளில் டப்பா கட்டிப் பால் கொண்டுபோகிறவர், ஊர்க் கூட்டத்தில் வாதாடுகிற பெண் என்று எல்லாம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தூரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, கையோ கருவியோ மட்டும் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் கதை வந்துவிடும். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்வது பெரிய அவமரியாதை, மறக்காதீர்கள்.

கேமராவை அவர்கள் கையிலும் கொடுங்கள். உங்களை எடுக்கட்டும், அவர்களுக்குப் பிடித்ததை எடுக்கட்டும்.

படி 7: குழந்தைகள்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நடுவில் நீங்கள் சிரித்துக்கொண்டு, சுற்றிலும் பெயர் தெரியாத இருபது பிள்ளைகள் என்கிற செல்ஃபி வேண்டாம். உங்கள் அக்கா மகளின் பள்ளிக்குள் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் நுழைந்து அப்படி எடுத்து இணையத்தில் போட்டால் நாம் விடுவோமா? குழந்தையின் அந்தரங்கம் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 16ஆம் பிரிவாகவே இருக்கிறது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காப்பகத்தில் பராமரிக்கப்படும் குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. இங்கே செய்யக் கூடாததை அங்கேயும் செய்யாதீர்கள்.

அனாதை இல்லங்களுக்குள் கேமராவை எடுத்துப் போகவே வேண்டாம் என்பேன். நேபாளத்திலும் கம்போடியாவிலும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் வந்து பணம் தருவதற்காகவே குழந்தைகளைச் சேர்க்கிற இடங்கள் உண்டு. உங்கள் படம் அதற்கு விளம்பரமாகிவிடும்.

படி 8: ராத்திரி வேலை

தினமும் தூங்குவதற்கு முன் அன்றைய படங்களை லேப்டாப்பிலும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் போடுங்கள். மொபைல் கேமரா செட்டிங்கில் இருப்பிடப் பதிவை முதல் நாளே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடு இருக்கும் இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும்.

ஒரு சின்ன நோட்டில் படத்தின் எண், பெயர், அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எதற்குச் சம்மதித்தார் என்று எழுதுங்கள். பெயரை அவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் அடுத்த வருடம் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது.

படி 9: போடுவதும் கொடுப்பதும்

சம்மதித்தவர்களின் படங்களை மட்டும் போடுங்கள். "ஏழை என்றாலும் எவ்வளவு மகிழ்ச்சி" என்பது போன்ற வரி எழுதாதீர்கள், அவர் உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதை எழுதுங்கள். குழந்தையின் முழுப் பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுத வேண்டாம்.

கடைசியாகப் பிரிண்ட். பக்கத்து டவுனில் ஸ்டுடியோ இருந்தால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே 4க்கு 6 அளவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மொபைலிலிருந்து நேராக அச்சிடும் இன்ஸ்டாக்ஸ் மாதிரி சின்னப் பிரிண்டர் இருந்தால் இன்னும் வசதி, ஆனால் ஃபிலிம் விலை கூட, அதனால் வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்துதான் போட முடியும் என்றால் பிரிண்டுகளைக் குடும்பவாரியாகக் கவரில் பிரித்து, கவர் மேல் அவரவர் பெயரை எழுதி, பள்ளி முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம், அல்லது அதே ஊருக்கு அடுத்துப் போகிற தன்னார்வலர் கையில் கொடுத்துவிடலாம். முடிந்தால் லேமினேட் செய்துவிடுங்கள், மண் சுவரின் ஈரத்தில் சும்மா பிரிண்ட் சீக்கிரம் பாழாகிவிடும்.